ஏற்றத்தில் மங்கும், இறக்கத்தில் விழிக்கும்: சைக்கிள் டைனமோ பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: கட்டபெட்டுப் பக்கத்திலிருந்து கோத்தகிரி அருகே உள்ள தேயிலைத் தொழிற்சாலைக்கு நாள்தோறும் சைக்கிளில் சென்று வருகிறேன். டிசம்பர், ஜனவரி மாதங்களில் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. பேட்டரி விளக்கைச் சார்ஜில் போட மறந்து இரண்டு முறை பாதி வழியிலிருந்து தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறேன். டைனமோ பொருத்தலாம் என்று எண்ணுகிறேன். டயரில் உரசும் டைனமோ நல்லதா, சக்கரத்தின் நடுக்குடமான ஹப்பிலேயே அமைந்த டைனமோ நல்லதா? எந்த விளக்கு, எப்படிப்பட்ட சக்கரம் வாங்க வேண்டும்? என்னுடையது 700சி சக்கரமும் வி-பிரேக்கும் உள்ள ஹைபிரிட் சைக்கிள்.
— தொழிற்சாலைப் பணியாளர், கட்டபெட்டு

பதில்: ஜனவரித் தொடக்கத்தில் நம் நீலகிரி மலையில் சூரியன் எழுவதற்குக் காலை 6:40 ஆகிவிடுகிறது, மாலை 6:10-க்கெல்லாம் மறைந்தும் விடுகிறது. ஆகவே வேலைக்குச் செல்பவருக்கு விளக்கு அலங்காரப் பொருள் அன்று. சார்ஜ் போட மறப்பவருக்கு டைனமோவே ஏற்றது என்பதில் எனக்கு ஐயமில்லை. அது சக்கரம் சுற்றினால் எரியும், யாரும் நினைவு வைத்திருக்கத் தேவையில்லை.

டயரில் உரசும் வகையை முதலில் பார்த்துவிடுவோம். விலை குறைவு, எந்தச் சைக்கிளிலும் மாட்டலாம், வேண்டாதபோது டயரை விட்டு விலக்கி வைக்கலாம். ஆனால் அதன் சிறு உருளை டயரின் பக்கவாட்டை அழுத்திப் பிடித்துச் சுற்ற வேண்டும். மழையிலும் பனி ஈரத்திலும் டயரில் சேறு பூசிக்கொள்ளும்போது உருளை வழுக்கும். விளக்கு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அணையும். வடகிழக்குப் பருவமழையின் பெரும்பங்கைப் பெறும் கோத்தகிரி, குன்னூர்ப் பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை சாலை காய்ந்திருக்கும் நாள்கள் சில. அதனால் உங்கள் பாதைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹப் டைனமோவில் உரசும் பகுதி எதுவும் இல்லை. ஹப்பின் உட்சுவரில் நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கும். அவை அச்சோடு அசையாமல் நிற்கும் கம்பிச்சுருளைச் சுற்றி ஓடும்போது மாறுதிசை மின்சாரம் உண்டாகிறது. (பெயர்தான் டைனமோ, கறாராகச் சொன்னால் இது ஆல்டர்னேட்டர், அதாவது மாறுதிசை மின்னாக்கி. நெடுங்காலப் பழக்கத்தை இனி மாற்ற முடியாது.) இவற்றிற்கான அளவு பெரும்பாலும் 6 வோல்ட், 3 வாட். எரியாதபோதும் காந்தங்கள் சிறிது இழுக்கும். எரியும்போது அந்தச் சுமை 5 அல்லது 6 வாட் அளவிற்கு உயரும். மிதிப்பவரும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று கொண்டால், 6 வாட் என்பது ஒரு மணி நேர மிதிப்பில் ஏறக்குறைய 26 மீட்டர் உயரம் கூடுதலாக ஏறியதற்குச் சமம். நாள்தோறும் மலையேறும் கால்கள் இதை உணராது. முன்சக்கரத்தைக் கையில் தூக்கிச் சுற்றிப் பார்ப்பவருக்குத்தான் கடகடவென்று காந்தம் தட்டுவது பயமாக இருக்கும்.

மலைக்கென்றே உள்ள சிக்கலுக்கு இப்போது வருகிறேன். 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். ஏற்றத்தில் நீங்கள் மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தால் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்றுக்கும் குறைவாகவே சுற்றும். 28 காந்த முனைகள் கொண்ட ஹப்பிலிருந்து அப்போது நொடிக்கு 26 துடிப்புகள் மட்டுமே வரும், எல்.இ.டி. விளக்கு மினுமினுத்து எரிவது கண்ணுக்குத் தெரியும். 13, 14 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் மினுக்கம் மறைந்துவிடும். சமவெளிக்காரர் இதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஓர் ஏற்றத்திற்கு அரைமணி நேரம் செலவிடும் நாம்தான் பார்க்க வேண்டும். ஆயினும் ஏற்றத்தில் நமக்கு வேண்டியது தொலைவைக் காட்டும் ஒளி அன்று. முன்னால் இருக்கும் குழியும், எதிரே வருபவருக்கு நாம் இருப்பதும் தெரிந்தால் போதும். இறக்கத்தில்தான் தொலைவு தெரிய வேண்டும், அங்கே டைனமோ முழுத் திறனோடு விழித்திருக்கும். இந்த வகையில் மலைக்கும் டைனமோவிற்கும் நல்ல பொருத்தம் உண்டு என்றே சொல்வேன். வாங்கும்போது, குறைந்த வேகத்தில் மினுக்கத்தைத் தணிக்கும் விளக்கா, நின்ற பிறகும் சில நிமிடங்கள் மங்கலாக எரியும் நிறுத்தொளி முன்னும் பின்னும் உண்டா என்ற இரண்டையும் கேட்டுவிடுங்கள். நிறுத்தொளி இல்லாத டைனமோ விளக்கை, வளைவில் நின்று மூச்சு வாங்கும் பழக்கம் உள்ளவர் வாங்கவே கூடாது.

விளக்கின் பெட்டியில் 40 லக்ஸ், 80 லக்ஸ், 100 லக்ஸ் என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு பரப்பின் மேல் எவ்வளவு ஒளி விழுகிறது என்பதை அளக்கும் அலகு லக்ஸ். அது பத்து மீட்டர் தொலைவில் ஒளிக்கற்றையின் மிகப் பிரகாசமான ஒரே புள்ளியில் அளந்த எண். ஒளி எவ்வளவு அகலமாகப் பரவுகிறது என்பதை அது சொல்வதில்லை. நேர்ச்சாலைக்கு 100 லக்ஸ் அருமை. கொண்டை ஊசி வளைவிலோ விளக்கு வளைவின் தொடுகோட்டில் நேரே பள்ளத்தாக்கைக் காட்டிக்கொண்டிருக்கும். நாம் திரும்ப வேண்டிய உட்பக்கம் இருண்டிருக்கும். ஆகவே அகலமாகப் பரவும் 60 லக்ஸ் விளக்கை, ஒடுக்கமான 100 லக்ஸ் விளக்கைக் காட்டிலும் மேலாகக் கருதுகிறேன். ஜெர்மனியின் சாலை விதிகளுக்கு ஏற்பச் செய்யப்படும் விளக்குகளில் ஒளியின் மேல் விளிம்பு கத்தியால் வெட்டியது போல் நிற்கும். எதிரே வரும் பேருந்து ஓட்டுநரின் கண் கூசாது, வீணாக மரக்கிளைகளையும் காட்டாது. பூஷ் அண்டு முல்லர், சூப்பர்நோவா போன்ற நிறுவனங்களின் விளக்குகள் இவ்வகையைச் சேர்ந்தவை. அந்த வெட்டுக்கோடு நமக்கு இன்னொரு வகையிலும் உதவுகிறது. நம் சாலைகளில் இரவில் நிற்கும் காட்டுமாட்டின் கரிய உடலை எந்த விளக்கும் எளிதில் காட்டாது. ஆனால் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை மாட்டியது போன்ற அதன் கால்கள், சாலையை ஒட்டி விழும் ஒளியில் முதலில் தென்படும். தார்ச்சாலையின் நடுவே நான்கு வெள்ளைத் தூண்கள் நிற்பதாகத் தோன்றினால், அவற்றின் மேல் சுமார் ஒரு டன் எடை இருக்கிறது என்று எண்ணி அங்கேயே நின்றுவிடுங்கள். நின்றவுடன் டைனமோ ஒளி குறையும் என்பதால் சட்டைப் பையில் ஒரு சிறிய பேட்டரி விளக்கும் இருக்கட்டும். அதை விலங்கின் கண்ணில் அடிக்க வேண்டாம்.

இனி சக்கரம். ஹப் டைனமோ வாங்குவது என்றால் முன்சக்கரத்தையே புதிதாகக் கட்டுவது என்று பொருள். பலரும் பணத்தையெல்லாம் விளக்கில் போட்டுவிட்டுச் சக்கரத்தில் சிக்கனம் பிடிக்கிறார்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். காரணம், மலையில் விளக்கும் பிரேக்கும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவர் ஒரு தடையைக் கண்டு பிரேக்கைப் பிடிப்பதற்குள் ஒன்றரை நொடியில் 12 மீட்டருக்கு மேல் ஓடிவிடுகிறார். ஈரமான இறக்கத்தில் நொடிக்கு நொடி வேகம் 2 மீட்டர் வீதம்தான் குறைகிறது என்று கொண்டால், நிற்பதற்கு மேலும் 17 மீட்டர் தேவை. ஆக மொத்தம் 30 மீட்டர். வேகம் 40 ஆனால் இது 47 மீட்டராக உயர்கிறது. விளக்கு 40 மீட்டர் வரையே தெளிவாகக் காட்டுமானால் 40 கிலோமீட்டர் வேகத்தில் இறங்குபவர் கண்ணை மூடிக்கொண்டு இறங்குபவரே. விளக்கைப் பெரிதாக்குவது ஒரு வழி. பிரேக் பிடிக்கும் சக்கரத்தைச் சீராக்குவதும் வேகத்தைக் குறைப்பதும் மலிவான வழிகள்.

உங்களுடையது வி-பிரேக் என்பதால் பிரேக் கட்டை ரிம்மையே பிடிக்கிறது. மழைநீரோடு சேரும் மணல் கட்டைக்கும் ரிம்முக்கும் இடையே அரத்தைப் போல் வேலை செய்து அலுமினிய ரிம்மைத் தேய்க்கும். ஓராண்டிற்கு ஒருமுறை ரிம்மின் பக்கவாட்டில் ஓர் இரும்பு அளவுகோலை வைத்துப் பாருங்கள்; நடுவில் குழிந்து வெளிச்சம் தெரிந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்துவிட்டது. டைனமோ சக்கரத்தில் இந்தச் செலவு எரிச்சலூட்டும்; ஹப் நன்றாக இருக்கும்போதே ரிம்மை மாற்றி மீண்டும் ஸ்போக்ஸ் கோக்க வேண்டியிருக்கும். எதிர்காலத்தில் டிஸ்க் பிரேக் சைக்கிளுக்கு மாறும் எண்ணம் இருந்தால், டிஸ்க் பொருத்தும் வசதியுள்ள டைனமோ ஹப்பை இப்போதே வாங்கிவிடலாம். வி-பிரேக் ரிம்மிலும் அதைக் கோக்க முடியும். ஆனால் புதிய சைக்கிளின் போர்க் (முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கவை) எந்த அச்சுக்கானது என்பதைப் பார்க்க வேண்டும். சாதாரண முன்போர்க்கின் இடைவெளி 100 மில்லிமீட்டர், அச்சு 9 மில்லிமீட்டர். டிஸ்க் சைக்கிள்கள் பலவற்றில் போர்க்கின் துளைகளுக்குள் நுழைத்து இறுக்கும் 12 அல்லது 15 மில்லிமீட்டர் துளை அச்சு வருகிறது. ஒன்றுக்கான ஹப் மற்றொன்றில் பொருந்தாது.

ஸ்போக்ஸ் 32 அல்லது 36 இருக்கட்டும். டைனமோ ஹப்பின் விளிம்பு சாதாரண ஹப்பைவிடப் பெரியது. எனவே பழைய ஸ்போக்ஸ் நீளம் மிகுந்துபோகும், அவற்றை மீண்டும் கோக்க இயலாது. இதை நான் அனுபவத்தில் கற்றேன். சமவெளி நகரம் ஒன்றின் கடையில் சொல்லி வைத்துக் கட்டி வரவழைத்த சக்கரத்தில் ஸ்போக்ஸ் மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்திருக்கிறது. ஸ்போக்ஸை ரிம்மில் இறுக்கும் நிப்பிளைத் தாண்டி நீண்ட கம்பி முனைகள் ரிம் டேப்பைக் குத்தி, ஒரே வாரத்தில் நான்கு பஞ்சர். ஒவ்வொரு முறையும் டயரில் முள்ளைத் தேடினேன்; டியூபின் உட்பக்கத்தில், ரிம்மை நோக்கிய பக்கத்தில் ஓட்டை இருப்பதை நான்காவது முறைதான் கவனித்தேன். கட்டிய சக்கரம் கைக்கு வந்ததும் ரிம் டேப்பைத் தூக்கிப் பார்த்துவிடுங்கள். இருநூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒருமுறை கோட்டம் எடுப்பதும் அவசியம்.

ஹப்பைத் தேர்வதில் ஒரு சொல். ஷிமானோவின் ஹப்கள் விலைக்கு ஏற்ற தரம் உடையவை. கூம்பும் பால்ஸும் உள்ள பழைய பாணி பேரிங் என்பதால் இடப்பக்கத்தைத் திறந்து கிரீஸ் வைக்க முடியும், ஆனால் மின்முனை உள்ள வலப்பக்கத்தைப் பழக்கமில்லாத கை திறந்தால் உள்ளே கம்பி அறுந்துவிடும். ஜெர்மனியில் ஷ்மிட் நிறுவனம் செய்யும் சோன் ஹப் விலை மிகுந்தது. அதன் அச்சுக்குள் காற்றழுத்தத்தைச் சமன் செய்யும் நுண்ணிய வழி ஒன்று இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வெயிலில் சூடேறிய ஹப், கோத்தகிரி வந்து சேரும்போது குளிர்ந்து சுருங்கி உள்ளே காற்றை இழுக்கும். அப்போது பேரிங் வழியாக ஈரமும் நுழையும். அந்தச் சமன்வழி இருந்தால் காற்று பேரிங்கைத் தொடாமல் போய் வரும். நாள்தோறும் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் மட்டும் செல்லும் உங்களுக்கு ஷிமானோவே போதுமானது. மிச்சப்படும் பணத்தில் நல்ல ரிம்மும், 35 மில்லிமீட்டர் அகலமுள்ள டயரும், மட்கார்டும் வாங்குங்கள்.

கேள்வி: மூடுபனியில் மஞ்சள் விளக்கு ஊடுருவிச் செல்லும் என்கிறார்களே, உண்மையா? தலைக்கவசத்தில் விளக்கு மாட்டினால் நன்றாகத் தெரியுமா?
— ஆசிரியை, குன்னூர்

பதில்: மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை, ஆகவே மஞ்சள், வெள்ளை, நீலம் எல்லாவற்றையும் அவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் சிதறடிக்கின்றன. மஞ்சள் ஒளி கண்ணுக்குச் சற்று இதமாக இருக்கலாம், அவ்வளவே. விளக்கின் இடம்தான் முக்கியம். கண்ணுக்கு அருகில் விளக்கு இருந்தால் துளிகள் திருப்பியடிக்கும் ஒளி நேரே கண்ணுக்குள் வரும். தலைக்கவச விளக்கோடு மூடுபனிக்குள் நுழைபவருக்கு முகத்துக்கு முன்னால் வெள்ளை வேட்டியைப் பிடித்தது போல் இருக்கும். அதனால் முதன்மை விளக்கைப் போர்க்கின் தலைப்பகுதியில், முன் பிரேக் போல்ட் இருக்கும் இடத்தில் பொருத்துங்கள். கண்ணிலிருந்து விலக விலக நல்லது. தலைக்கவச விளக்கு தெளிந்த இரவில் வளைவின் உட்பக்கத்தைப் பார்ப்பதற்கு மிகவும் உதவும். பனி இறங்கியதும் அணைத்துவிடுங்கள். பின் விளக்கை மூடுபனியில் மின்னவிடாமல் நிலையாக எரிய விடுங்கள். மின்னும் விளக்கைப் பார்க்கும் ஓட்டுநர் ஏதோ இருக்கிறது என்று அறிவார். எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அவரால் மதிப்பிட முடியாது.

கேள்வி: என் தந்தையார் ஓட்டிய 28 அங்குலச் சைக்கிளைச் சீர்செய்து வைத்திருக்கிறேன். அதில் இன்றைய ஹப் டைனமோவைப் பொருத்த முடியுமா? பழைய டைனமோவில் பல்புகள் அடிக்கடி பியூஸ் போனது ஏன்?
— ஓய்வு பெற்ற அஞ்சல் ஊழியர், வெலிங்டன்

பதில்: நம் நாட்டுப் பழைய சைக்கிள்களில் முன்சக்கரத்திற்கு 32, பின்சக்கரத்திற்கு 40 என ஸ்போக்ஸ் இருக்கும். 32 துளை டைனமோ ஹப் கிடைப்பதால் எண்ணிக்கை ஒத்துவரும். தொல்லை போர்க்கில் இருக்கிறது. அதன் இடைவெளி 100 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருக்கும், அச்சுக்கான வெட்டும் 9 மில்லிமீட்டர் அச்சை ஏற்காது. இரும்புப் போர்க் ஆதலால் கைதேர்ந்த மெக்கானிக் சற்று விரித்து, வெட்டை அராவிப் பொருத்திவிடுவார். ஆயினும் அந்தச் சைக்கிளின் கம்பி பிரேக்கும் முலாம் பூசிய இரும்பு ரிம்மும் மழையில் எப்படிப் பிடிக்கும் என்பது உங்களுக்கே தெரியும்; நல்ல விளக்கைப் பொருத்தினால் வேகமாக இறங்கும் ஆசைதான் வரும். ஊருக்குள் மட்டும் ஓட்டுவதானால், டயரில் உரசும் டைனமோவே அந்த வண்டிக்கு அழகு. ஹப் டைனமோதான் வேண்டும் என்றால், அதுவும் புதுமையன்று. ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற இங்கிலாந்து நிறுவனம் டைனோஹப் என்ற தன் ஹப் டைனமோவை 1936-லேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது.

பல்பு பியூஸ் போனதற்குக் காரணம் எளிது. டைனமோ, வேகம் கூடினாலும் ஏறக்குறைய அரை ஆம்பியர் மின்னோட்டத்தையே தள்ளும் இயல்பு உடையது. அதில் முன்பல்பு 2.4 வாட், பின்பல்பு 0.6 வாட் எனப் பங்கிட்டுக்கொண்டன. பின்பல்பு போய்விட்டால் அதன் பங்கும் முன்பல்பின் மேல் விழும். குன்னூரிலிருந்து பர்லியாருக்கு இருட்டில் இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில், என் முன்விளக்கு திடீரெனப் பளீரென்று வெண்மையாக எரிந்தது, "அடடா, இன்று என்ன வெளிச்சம்!" என்று மகிழ்ந்து முடிப்பதற்குள் டப்பென்று அணைந்தது. பின்பல்பு எந்த வளைவில் போனதோ தெரியாது. இன்றைய எல்.இ.டி. விளக்குகளில் இதற்கான காப்பு உள்ளேயே இருக்கிறது. உங்கள் பழைய டைனமோவில் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் பல்பைக் குறை சொல்லுமுன் பிடிமானத் திருகைப் பாருங்கள். ஒற்றை வயர் போய், சைக்கிளின் சட்டம் வழியாகவே மின்சாரம் திரும்பும் ஏற்பாடு அது. அந்தக் கூர்மையான திருகு பெயிண்டைக் கீறி இரும்பைத் தொட வேண்டும். துரு ஏறியிருந்தால் சுரண்டிவிட்டு இறுக்குங்கள், அல்லது இரட்டை வயராக இழுத்துவிடுங்கள்.

கேள்வி: டைனமோவில் கைப்பேசியைச் சார்ஜ் செய்யலாமா?
— கல்லூரி மாணவர், உதகை

பதில்: செய்யலாம், சமவெளியில். டைனமோ மின்சாரத்தைக் கைப்பேசிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் கருவி ஒழுங்காக வேலை செய்ய மணிக்கு 15 முதல் 20 கிலோமீட்டர் வேகம் தொடர்ந்து வேண்டும். கல்லாறிலிருந்து உதகைக்கு ஏறுபவருக்கு அந்த வேகம் எங்கே கிடைக்கும்? இறக்கத்திலோ மின்சாரம் முழுவதும் விளக்குக்கு வேண்டும்.

கேள்வி: உறைபனிக் காலத்தில் ஆணி பதித்த டயர் வேண்டுமா? வெளிநாட்டில் வசிக்கும் என் தம்பி அனுப்பித் தருவதாகச் சொல்கிறான். குளிரில் பேட்டரி விளக்கு சீக்கிரம் தீர்ந்துபோவது உண்மைதானா?
— காய்கறி விவசாயி, தலைகுந்தா

பதில்: பின்லாந்து, கனடா போன்ற நாடுகளில் சாலையே பனிக்கட்டியாக உறைந்து வாரக்கணக்கில் கிடக்கும், ஆணி டயர் அதற்கானது. உங்கள் பகுதியில் வெப்பநிலை பூஜ்ஜியத்தைத் தொடும் காலைகளில் புல்வெளியும் சைக்கிள் சீட்டும் வெளுத்திருக்கும், தார்ச்சாலை பெரும்பாலும் வெறும் ஈரமாகவே இருக்கும். ஈரத்தாரில் இரும்பு ஆணி ரப்பரைவிடக் குறைவாகவே பிடிக்கும். சத்தமும் இழுவையும் வேறு. தம்பியிடம் அதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஒளி திருப்பும் பட்டை உள்ள அகலமான டயர் அனுப்பச் சொல்லுங்கள். காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் குறைத்து ஓட்டுங்கள். உங்களைச் சறுக்கச் செய்வது பனிக்கட்டியைவிட, கேரட் வண்டிகளிலிருந்து சாலையில் விழும் களிமண்ணும், நிழலான வளைவில் படிந்த பாசியும், கொண்டை ஊசி வளைவில் சிந்திய டீசலுமாகவே இருக்கும்.

லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு குளிரில் குறையும் என்பது உண்மை. நம் குளிருக்கு அது பத்தில் ஒன்றோ இரண்டோ பங்குதான், அணைந்துபோகும் அளவிற்கு அல்ல. இரவில் பேட்டரியை வீட்டுக்குள் வைத்துவிட்டுக் காலையில் மாட்டினால் அதுவும் பெரிதாகத் தெரியாது. உறைபனியில் வெளியே கிடந்த பேட்டரியை எடுத்த கையோடு சார்ஜில் போடக் கூடாது; பூஜ்ஜியத்திற்குக் கீழ் குளிர்ந்த பேட்டரி சார்ஜ் ஏறும்போது உள்ளே நிலையாகப் பழுதாகிவிடும். அடுப்படியில் அரைமணி நேரம் கிடந்து குளிர் விட்ட பிறகு போடுங்கள்.